நெடியோரும் வாடகை மோட்டாரும்

நெடுமை என்பது நம் முன்னோர் பெருமையாகக் கருதிய பண்புகளுள் ஒன்று. நெடுஞ்செழியன், நெடுஞ்சேரலாதன், நெடுமான் அஞ்சி என வேந்தரும் வள்ளலும் அச்சொல்லைத் தம் பெயரோடு சேர்த்துத் தாங்கினர். அவர்கள் ஏறிச்சென்ற களிற்றின் பிடரிக்குக் கூரை இல்லை. ஆதலின் தலை இடிபடும் என்னும் அச்சம் அவர்க்கு இருந்திராது. இக்காலத்திலோ, ஆறடிக்கு மேற்பட்ட உயரமுள்ள ஒருவர் அயல்நாடு சென்று, அங்கே முன்பின் கண்டிராத மோட்டார் வண்டியொன்றை வாடகைக்குப் பெற்று, அதனைத் தாமே ஓட்டிச் செல்லப் புகுவாராயின், அந்நெடுமையே அவர்க்கு ஓர் இடுக்கண் ஆதலும் உண்டு. அவ்விடுக்கண் யாது, அஃது எதனால் விளைகின்றது, அதனை நீக்கும் வழி யாது என்னும் மூன்றனையும் இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வோம்.

இதனைச் சிறு பொருளென்று மாணவ நண்பர்கள் இகழ்தல் வேண்டா. கால் நீட்ட இடமின்மை வெறும் வசதிக்குறைவு அன்று. பிரேக்கை மிதிக்க வேண்டிய நொடியில் மிதிக்க இயலாமற் செய்வதும் அதுவே. நெடியோர் உலகில் அரியரும் அல்லர். மிக நெடிய மக்களெனப் பெயர்பெற்ற நெதர்லாந்து நாட்டில் 2001ஆம் ஆண்டிற் பிறந்த ஆடவரின் சராசரி உயரம் 182.9 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஆறடி, என அந்நாட்டுப் புள்ளிவிவர நிலையம் கணக்கிட்டுள்ளது. சராசரியே ஆறடியாயின், அதனைக் கடந்தோர் எத்துணைப் பலர் என்பது சொல்லாமலே விளங்கும்.

யாங்கள் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் யானும் என் தமையனாரும் ஜப்பான் நாட்டின் தென்பகுதியிலுள்ள கியூஷூ என்னும் தீவிற்குச் சென்றிருந்தோம். தமையனாரின் உயரம் 6 அடி 4 அங்குலம், அதாவது 193 சென்டிமீட்டர். யான் அவர் தோளளவே. புகுவோகா நகரில் ஒரு வண்டியை வாடகைக்குப் பெற்று, ஆசோ என்னும் எரிமலையைக் கண்டு மீள்வது எங்கள் எண்ணம். ஜப்பானிலும் நம் நாட்டிற்போலவே வண்டிகள் சாலையின் இடப்புறமாகச் செல்வன. 1949ஆம் ஆண்டு ஜெனீவாவிற் செய்யப்பெற்ற சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் இரு நாடுகளும் சேர்ந்துள்ளமையால், நம் நாட்டில் வழங்கப்பெறும் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டு அங்கே ஏற்கப்படும். ஆதலின் வண்டி ஓட்டுவதில் யாதொரு தடையும் இராதென எண்ணினோம்.

வாடகை குறைவென்பது ஒன்றையே கருதி, கூரை தாழ்ந்த சிறு வண்டி ஒன்றனை ஊரிலிருந்தே பதிவு செய்திருந்தோம். பெட்டிகளை முதலில் ஏற்றிவிட்டு, சீட்டில் ஒப்பமிட்டு, அதன் பின்னரே தமையனார் உள்ளே அமர்ந்தார். தலை கூரையைத் தொட்டது. ஆசனத்தைச் சிறிது சாய்த்துச் சரிசெய்துகொண்டார். முழங்கால்கள் ஸ்டீயரிங் சக்கரத்தின் இருமருங்கும் விரிந்து நின்றன, பழகிவிடும் என்றார். ஒரு மணி நேரம் சென்றபின், நெடுஞ்சாலையினின்று இறங்கும் வளைவில், முன்சென்ற லாரி திடீரென நின்றது. ஆக்ஸிலரேட்டரினின்று பிரேக்குக்குக் காலை மாற்றுகையில், அவருடைய வலது முழங்கால் சக்கரத்தின் கீழ்விளிம்பிற் சிக்கிக்கொண்டது. அதனை விடுவித்து மிதிப்பதற்குள் லாரியின் பின்பலகை எங்கள் கண்முன் வந்துவிட்டது. வண்டி நின்றபோது இடையே ஒரு முழமே எஞ்சியிருந்தது.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி, ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கும். முழங்கால் சிக்கி அரை நொடி வீணாயினும் 11 மீட்டர் கைவிட்டுப் போகும். இக்கணக்கைப் பள்ளியிற் பலகாற் செய்தவனாயினும், அதன் பொருளை யான் அன்றே உணர்ந்தேன். யான் வண்டியைக் கடிந்துகொண்டபோது தமையனார், “தம்பி, வண்டியைச் சினந்து பயன் என்ன? அமர்ந்து பாராமற் கையொப்பமிட்டவன் யானன்றோ?” என்றார். அதன்பின் எங்கள் ஆராய்ச்சி தொடங்கிற்று.

உடலின் அளவு

ஒருவருக்கு ஏற்ற வண்டியைத் தேர்வதற்கு அவருடைய முழு உயரம் மட்டும் போதிய கருவி ஆகாது. வண்டியில் நாம் நிற்பதில்லை, அமர்கின்றோம். அமர்ந்த நிலையில் இருக்கையினின்று உச்சந்தலை வரையுள்ள அளவு, முழு உயரத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 52 பங்கு ஆகும். ஆயின் இஃது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒத்த உயரமுள்ள இருவருள் ஒருவர் நெடிய உடலும் குறுகிய காலும் உடையராகவும், மற்றவர் குறுகிய உடலும் நெடிய காலும் உடையராகவும் இருத்தல் கூடும். முன்னவர்க்குக் கூரையே இடர். பின்னவர்க்கு ஸ்டீயரிங் சக்கரமே இடர். ஒருவர்க்குப் பொருந்திய வண்டி அதே உயரமுள்ள மற்றொருவர்க்குப் பொருந்தாமைக்குக் காரணம் இதுவே.

ஆதலின், பயணத்திற்கு முன்னர் வீட்டிலேயே ஓர் அளவை எடுத்துக்கொள்க. கட்டையான பலகையொன்றில் முதுகு சுவரிற் படுமாறு நிமிர்ந்து அமர்ந்து, தலைமேல் ஒரு நூலைத் தட்டையாக வைத்து, பலகையிலிருந்து அந்நூல் வரை அளக்க. அவ்வளவு முழு உயரத்திற் பாதியை ஒட்டியிருப்பின் காலே நெடிதென்றும், 53 அல்லது 54 பங்கிற்கு ஏறியிருப்பின் உடலே நெடிதென்றும் கொள்ளலாம். எங்கள் தமையனார் அளந்தபோது 97 சென்டிமீட்டர் இருந்தது. அஃதாவது பாதிக்குச் சற்றே மேல். அவருக்குக் கால்களே இடர் விளைப்பன என்பது புலனாயிற்று.

வண்டியின் அளவு

மோட்டார் செய்வோர் தம் வண்டிகளுக்குத் தலையிட அளவு, காலிட அளவு என இரண்டனை அச்சிட்டு வெளியிடுவர். இவை அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கம் வகுத்த முறையைத் தழுவி அளக்கப்படுவன. அம்முறையில் மனித உருவம் போன்ற ஓர் அளவுப் பொம்மையை ஆசனத்தில் இருத்தி, அதன் இடுப்பு மடியும் புள்ளியை அடிப்படையாகக் கொள்வர். அப்புள்ளியிலிருந்து, செங்குத்துக்கோட்டினின்று 8 பாகை பின்சாய்ந்த கோட்டின் வழியே கூரையின் உட்புறம் வரை அளந்து, அதனோடு 102 மில்லிமீட்டர் கூட்டுவது தலையிட அளவு. ஆசனத்தைப் பின்னுக்கு முற்றும் தள்ளி, ஆக்ஸிலரேட்டரின்மேல் வைத்த காலின் கணுவிலிருந்து அவ்விடுப்புப் புள்ளி வரை அளந்து, 254 மில்லிமீட்டர் கூட்டுவது முன் ஆசனத்தின் காலிட அளவு.

இவ்வாறு கூட்டப்பெறும் எண்களை அறியாதார், அச்சிட்ட அளவைத் தம் காலின் நீளத்தோடு நேரே ஒப்பிட்டு ஏமாறுவர். ஒரு வண்டியை மற்றொரு வண்டியோடு ஒப்பிடுதற்கே அவ்வளவுகள் பயன்படும். அன்றியும், முழங்காலுக்கும் ஸ்டீயரிங் சக்கரத்திற்கும் இடையே எத்துணை இடமுண்டு என்பதை அவ்விரண்டும் கூறுவதில்லை. எங்களுக்கு இடுக்கண் விளைத்தது அவ்விடமே அன்றோ?

இன்னுமொன்று அறிதற்பாலது. தரையிற் பாய் விரித்து அமர்வோனுக்குக் கால் நீட்ட நெடிய இடம் வேண்டும். நாற்காலியில் அமர்வோனுக்குக் கால் கீழ்நோக்கி மடிதலின் குறைந்த இடமே போதும். மோட்டார் ஆசனமும் இத்தகையதே. வண்டியின் தளத்தினின்று ஆசனம் உயர்ந்திருப்பின், கால் மடிந்து கீழிறங்கும். முன்பின் நீளம் குறைவாகவே வேண்டப்படும். ஆசனம் தாழ்ந்திருப்பின், கால் முன்னோக்கி நீளும். முழங்கால் மேலெழுந்து சக்கரத்தை முட்டும். எனவே நெடியவர் தேடற்பாலது நீண்ட வண்டி அன்று. ஆசனமும் கூரையும் ஒருங்கே உயர்ந்த வண்டி என்பது பெறப்படும்.

புறத்தே சிறுமை, அகத்தே பெருமை

வண்டி புறத்தே பெரிதாயின் அகத்தும் பெரிதாகும் என்பது பலர் கொண்ட கருத்து. வரலாறு அதனை மறுக்கின்றது. 1959ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளிவந்த மினி என்னும் வண்டியின் நீளம் பத்தடியே. எனினும் அதனை வகுத்த அலெக் இசிகோனிஸ் என்பார், எஞ்சினைக் குறுக்காக வைத்து, சிறு சக்கரங்களை நான்கு மூலைகளிலும் அமைத்து, தளப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை மக்களுக்கும் பெட்டிகளுக்கும் விட்டார். 1948ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் வெளிப்பட்ட சித்ரோவன் நிறுவனத்தின் 2சிவி என்னும் எளிய வண்டியோ, தொப்பியைக் கழற்றாமலே அமரத்தக்க கூரையுடையதாக இருந்தது.

ஜப்பான் நாட்டின் ‘கெய்’ என்னும் சிற்றினம் இதற்குச் சிறந்த சான்று. இவ்வினத்திற்கு வரிச்சலுகை தரும் அரசாங்கம் அதன் அளவையும் வரையறுத்துள்ளது. 1998ஆம் ஆண்டு வகுத்த விதிப்படி நீளம் 340 சென்டிமீட்டரும், அகலம் 148 சென்டிமீட்டரும், உயரம் 200 சென்டிமீட்டரும், எஞ்சினின் கொள்ளளவு 660 கன சென்டிமீட்டரும் கடத்தலாகாது. நீளத்திலும் அகலத்திலும் விரிய இடமின்மையால், செய்வோர் மேல்நோக்கி வளர்த்தனர். 1993ஆம் ஆண்டு வெளிவந்த சுசூகி வேகன் ஆர் இவ்வழியைப் பரப்பியது. 2011ஆம் ஆண்டு தோன்றிய ஹோண்டா என்-பாக்ஸ் ஏறக்குறைய 179 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்பது. அதன் உட்புற உயரம் 140 சென்டிமீட்டர். சாதாரணச் சிறுவண்டி புறத்தேயே 150 சென்டிமீட்டர் அளவினது என்பதை நோக்குவார்க்கு இதன் வியப்பு விளங்கும்.

ஆயின் கூரையுயரம் ஒன்றே போதுமோ எனின், போதாது. அதனைப் பின்னர்க் காண்போம்.

வாடகை நிலையத்தின் குறியீடு

வாடகைக்கு வண்டி தருவோர் பெரும்பாலும் இன்ன பெயருடைய வண்டியையே தருவோம் என்று உறுதி கூறுவதில்லை. ஒரு வண்டியின் படத்தைக் காட்டி, ‘இது, அல்லது இதனையொத்தது’ என்றே எழுதுவர். அவர்கள் உறுதி கூறுவது வகுப்பினை மட்டுமே. அவ்வகுப்பைப் பல நிறுவனங்கள் நான்கு எழுத்துக்களாற் குறிப்பன. முதலெழுத்து வண்டியின் பருமனையும், இரண்டாவது அதன் வடிவையும், மூன்றாவது கியர் முறையையும், நான்காவது எரிபொருளையும் குளிர்சாதனத்தையும் உணர்த்தும். சான்றாக, ‘சி-டி-எம்-ஆர்’ என்பது நடுத்தரத்திற் சிறிய, நான்கு அல்லது ஐந்து கதவுடைய, கையாற் கியர் மாற்றும், குளிர்சாதனமுள்ள வண்டி என்று பொருள்படும்.

பயணிகளிற் பலர் முதலெழுத்தையே நோக்கி, மேல்வகுப்புக்கு மிகுபொருள் கொடுப்பர். நெடியவர் நோக்கற்பாலது இரண்டாம் எழுத்தே. ‘வி’ என்பது பலர் அமரும் உயர்கூரை வண்டியைக் குறிக்கும். ‘டபிள்யூ’ என்பது பின்னே நீண்ட வண்டியைக் குறிக்கும். பின்னீண்ட வண்டியிற் பெட்டிகளுக்கு இடம் மிகுமேயன்றி, ஓட்டுவோர் கால்களுக்கு ஓர் அங்குலமும் மிகாது. தளம் உயர்ந்த காட்டுவழி வண்டிகளும் அத்தகையனவே. தரையினின்று தளம் உயர்ந்தமையால் உள்ளே கூரையும் உயர்ந்ததெனக் கொள்ளலாகாது.

மூன்றாம் எழுத்தும் கருதத்தக்கது. ஐரோப்பாவில் மலிந்த வகுப்புகளிற் கையாற் கியர் மாற்றும் வண்டிகள் மிகுதி. அவற்றிற் கிளச்சை மிதிக்குந்தோறும் இடது முழங்கால் எழுந்து சக்கரத்தை முட்டும். தானே கியர் மாறும் வண்டியில் இடது கால் ஓய்ந்திருக்கும். நெடுங்காலர்க்கு அதற்குக் கொடுக்கும் மிகுவாடகை வீண்செலவு ஆகாது.

அமர்ந்து தேரும் முறை

எங்கள் பயணத்தின் இரண்டாம் பகுதியில், குமமோட்டோ நகரிலுள்ள கிளை நிலையத்திற்குச் சென்று வண்டியை மாற்ற வேண்டினோம். அங்கிருந்த அலுவலர் மிக்க பரிவுடன் மூன்று வண்டிகளில் அமர்ந்து பார்க்க இசைந்தார். அன்று யாங்கள் செய்த சோதனைகளைப் பிறர்க்கும் பயன்படுமாறு வரிசைப்படுத்திக் கூறுவல். இவற்றிற்குக் கால்மணி நேரம் போதும். ஆயின் பெட்டிகளை ஏற்றுமுன்னும் ஒப்பமிடுமுன்னும் செய்தல் வேண்டும்.

முதலாவது, காலின் சோதனை. வழக்கமாக அணியும் மிதியடியோடு அமர்ந்து, ஆசனத்தைப் பின்னுக்குத் தள்ளுக. ஆக்ஸிலரேட்டரினின்று பிரேக்குக்குக் காலைப் பத்து முறை விரைந்து மாற்றுக. முழங்காலோ கணைக்காலோ எதனையும் தொடலாகாது. ஸ்டீயரிங் சக்கரத்தை முற்றத் திருப்பிய நிலையிலும் இதனைச் செய்து பார்க்க.

இரண்டாவது, கையின் சோதனை. ஆசனத்தைப் பின்னுக்குத் தள்ளியபின் சக்கரம் கைக்கு எட்டாமற் போதலும் உண்டு. மேலும் கீழும் மட்டும் அசையும் சக்கரம் போதாது. ஓட்டுவோரை நோக்கி வெளியே இழுக்கத்தக்கதாகவும் இருத்தல் நன்று. முதுகு சாய்மானத்தை விட்டகலாமல், மணிக்கட்டு சக்கரத்தின் உச்சியிற் படவேண்டும். ஆயினும் சக்கரத்தின் நடுவிலுள்ள காற்றுப்பை விபத்திற் பெருவிசையுடன் விரிவதாகலின், அதற்கும் மார்பெலும்புக்கும் இடையே 25 சென்டிமீட்டர் இருத்தல் இன்றியமையாதது.

மூன்றாவது, தலையின் சோதனை. தலைக்கும் கூரைக்கும் இடையே நான்கு விரல் நுழைதல் வேண்டும். திறக்கும் கூரைக்கண்ணாடி உடைய வண்டியில், அதன் பொறியே ஓர் அங்குலம் அல்லது இரண்டு அங்குல இடத்தை உண்டுவிடும், அத்தகையதைத் தவிர்க்க. ஆசனத்தை மிகச் சாய்த்துத் தலைக்கு இடம் தேடுவது தவறு. சாய்ந்த உடலினின்று தோள்வார் விலகும். மோதலில் உடல் அவ்வாரின் அடியே வழுக்கிச் செல்லும்.

நான்காவது, பிடரியின் சோதனை. பின்னின்று மற்றொரு வண்டி மோதுங்கால் கழுத்தைக் காப்பது ஆசனத்தின் தலைதாங்கி. அதனை உயர்த்தினால் அதன் மேல்விளிம்பு உச்சந்தலையை ஒட்டி நிற்பது சிறப்பு; காதின் மேலெல்லைக்குக் கீழே நிற்குமாயின் அவ்வண்டி வேண்டா. தலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி குறையுந்தோறும் காப்பு மிகும்.

ஐந்தாவது, கண்ணின் சோதனை. நெடியவர் கண் முன்கண்ணாடியின் மேல்விளிம்பை அணுகி நிற்கும். உட்கண்ணாடி ஒருபக்கத்துச் சாலையை மறைக்கும். பின்தள்ளிய ஆசனத்தில் நடுத்தூண் பக்கப் பார்வையைத் தடுக்கும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் சாலை விளக்குகள் வண்டி நிற்கும் கோட்டின் அருகிலேயே நடப்பட்டிருத்தலின், நெடியவர் குனிந்து அண்ணாந்து நோக்க நேரிடும். ஜப்பானிலோ அவை சந்திப்பின் அப்பாற்புறத்தில் அமைந்துள்ளன. ஆதலின் அவ்விடர் குறைவு.

இச்சோதனைகளின் பயனை இனிக் கூறுவல். உயர்கூரைக் கெய் வண்டியில் தமையனாரின் தலைக்குமேல் ஒரு சாண் இடமிருந்தது. அவர் முகம் மலர்ந்தது. ஆயின் அதன் சக்கரம் மேலும் கீழும் மட்டுமே அசைந்தது. ஆசனத்தைப் பின்தள்ளினாற் கை எட்டவில்லை. முன்தள்ளினாற் கால் முட்டிற்று. முதற்சோதனையை அடுத்த சோதனை மறுத்தது. இறுதியில், எண்மர் அமரும் உயர்கூரை வண்டியொன்று ஐந்து சோதனைகளிலும் தேறியது. அதில் ஆசனம் நாற்காலிபோல் உயர்ந்திருந்தமையே அதன் காரணம். வாடகை மிகுந்தது, எனினும் லாரியின் பின்பலகை எங்கள் நினைவை விட்டு நீங்காமையால், அதனைப் பற்றி யாதும் பேசாமற் கொடுத்தோம்.

நெடும்பயணமும் உடல்நலமும்

பொருந்திய வண்டி கிடைத்தபின்னும் ஒரு கடமை எஞ்சும். காலை அசையாமல் மடித்து நெடுநேரம் இருப்போர்க்குக் காலின் ஆழ்நரம்புகளில் இரத்தம் உறைதல் உண்டு. அவ்வுறைவு பெயர்ந்து நுரையீரலை அடையின் உயிர்க்கே கேடாம். உலகச் சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, நான்கு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணம் இந்நோயின் வாய்ப்பை ஏறக்குறைய இருமடங்காக்கும் என்று கூறுகின்றது. விமானத்திற்கு மட்டுமன்றி மோட்டாருக்கும் இரயிலுக்கும் பேருந்துக்கும் இது பொருந்தும். 190 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட உயரமுடையோர்க்கு வாய்ப்பு இன்னும் மிகுதி என்பதையும் அவ்வாய்வு எடுத்துரைத்தது. நலமுள்ளவர்க்கு இவ்வாய்ப்பு ஆறாயிரத்தில் ஒன்று என்னும் அளவினதே. ஆதலின் அஞ்சி வீட்டிலிருத்தல் வேண்டா. இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை இறங்கிச் சிறிது உலாவி, நீர் பருகிச் செல்வது போதும்.

முடிவுரை

மறுநாட் காலையில் ஆசோ மலைக்கு ஏறினோம். வழியில் இருமுறை நிறுத்தி உலாவினோம். மலைவாயினின்று நச்சு வாயு மிகுந்து எழுந்தமையால், அதனை அணுகும் சாலை அன்று மூடப்பட்டிருந்தது. தொலைவிலிருந்து புகையை மட்டும் கண்டோம். பசும்புல் வெளியிற் குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. இத்துணைத் தொலைவு வந்தும் காணவந்ததைக் காணாது மீள்கின்றோமே என்று யான் வருந்தினேன். தமையனார் தம் நெடிய கால்களை முற்ற நீட்டி, “மலை அங்கேயே இருக்கும், நாளையும் வரலாம். நேற்று அந்த லாரியில் முட்டியிருந்தால் இந்தப் புகையையும் கண்டிரோம்” என்றார்.

நண்பர்காள்! உடலுக்கு ஏற்ற ஆடையைத் தைப்பவன் முதலில் அளவு எடுக்கின்றான். உயிரைச் சுமந்து செல்லும் வண்டிக்கு அவ்வளவும் எடாமல் நாம் கையொப்பமிடுதல் தகுமோ? உம்மில் நெடியர் எவரேனும் அயல்நாடு செல்வீராயின், தம்மையும் அளந்து, வண்டியையும் அளந்து, கால்மணி நேரம் பொறுத்திருந்து தேர்க. அப்பொறுமை பயணம் முழுவதும் உமக்குக் காவலாய் நிற்கும்.